கொரியா தேசத்து ஏழாமிடம்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விட்டுடுங்க. இருங்க, ஃபேனைப் போடறேன். பொண்ணு ஜாதகம்தானே? மூலையில மஞ்சள் தடவின கவரைப் பார்த்தாலே தெரியுதே. உத்திரமேரூர்ல இருந்தா வர்றீங்க? பஸ்ல நின்னுட்டே வந்திருப்பீங்க. முதல்ல காபி, அப்புறம்தான் கட்டம். வர்றவங்களுக்குக் காபி குடுக்காம இந்தக் கச்சபேசன் ஜாதகத்தைத் தொடமாட்டான், காஞ்சிபுரத்துல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

இந்தாங்க. சர்க்கரை இருக்காது, கோவிச்சுக்காதீங்க. டப்பா எங்கயோ இருக்கு. இந்த சமையல்கட்டுல எவ்வளவு டப்பாங்கறீங்க! ஒண்ணைத் திறந்தா புளி, இன்னொண்ணைத் திறந்தா சோடா உப்பு. சம்சாரம் இல்லீங்க. ஐயையோ, அப்படி இல்ல, நல்லா குண்டுக்கல்லாட்டம் இருக்கா. ஒரகடத்துல, பொண்ணு கூட. எனக்கு இப்ப அஷ்டமச் சனி. கடக ராசி. சனி நகர்ந்தா தன்னால வந்துடுவா.

எல்லாம் அந்தக் கொரியாவால வந்ததும்மா. கொரியான்னா எங்க இருக்குன்னு தெரியும்ல? நம்ம ஒரகடத்துல பாதி கம்பெனி அவங்களுதுதான்.

என் பொண்ணு பேரு கல்யாணி. பேருலயே கல்யாணம் இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன். காலேஜ் முடிச்சதும் கொரிய பாஷை படிச்சா, ஒரு கம்பெனில மொழிபெயர்ப்பாளரா சேர்ந்தா. அங்க மேலதிகாரிங்க கொரிய பாஷைல வாய்க்கு வந்தபடி திட்டுவாங்களாம். இவ அதைத் தமிழ்ல 'கொஞ்சம் கவனமா செய்யுங்க அண்ணே'ன்னு மாத்திச் சொல்லிடுவாளாம். நம்ம தொழிலாளிங்க பதிலுக்குத் தமிழ்ல திட்டினா, அதை அவங்க பாஷைல ஒரு கும்பிடா போட்டுடுவாளாம். அதனாலதான் அங்க ஸ்ட்ரைக்கே வர்றதில்லன்னு பெருமையா சொல்வா. கெட்டிக்காரிதான், இல்லேங்கல.

வாலாஜாபாத்துல இருந்து ஒரு வரன் வந்தது. பத்துப் பொருத்தத்துல ஒன்பது! ரஜ்ஜு தட்டல, வேதை தட்டல. நானே உட்கார்ந்து கட்டம் கட்டமா பார்த்தேன். இவகிட்ட சொன்னா, "எனக்கு வேண்டாம்பா"ன்னா. "இந்தப் பையன் வேண்டாமா?"ன்னேன். "எந்தப் பையனும் வேண்டாம்"னா. என்னடி இதுன்னு கேட்டா, கொரியாவுல பொண்ணுங்க கூட்டமா சேர்ந்து நாலு வேண்டாம்னு ஒரு முடிவு எடுத்திருக்காங்களாம். காதல் வேண்டாம். கல்யாணம் வேண்டாம். குழந்தை வேண்டாம். நாலாவது ஒண்ணு இருக்கு, அதை உங்க முன்னாடி சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு, நீங்களே புரிஞ்சுக்கங்க.

வெளியில நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஊருக்கெல்லாம் முகூர்த்த நாள் குறிக்கறவன் சொந்தப் பொண்ணுக்கு ஒரு நாள் குறிக்கலயாம். பொருத்தம் பார்க்க வர்ற கூட்டம் பாதியாச்சு. நான் சொன்னேன், இது என் வீட்டுக் குத்தம் இல்லய்யா, இது தேச தோஷம், கிரகம் அங்க கெட்டுப்போய் இங்க அடிக்குதுன்னு. யாரு நம்பறா? சரி, நிரூபிச்சுக் காட்டறேன்னு கிளம்பினேன்.

எதிர்வீட்டுல ஞானமுத்துன்னு ஒரு பேராசிரியர் இருக்கார். இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் மகன் கூட பெங்களூருல, இவர் இங்க. ஏன்னு நான் கேட்டதில்ல, அது அவங்க குடும்ப விஷயம். சாயங்காலமானா மிக்சர் பொட்டலத்தோட இங்க வந்துடுவார், காபி என் சம்சாரம் போடுவா. எதைச் சொன்னாலும் அவர் கிரேக்கப் புராணத்துக்குப் போயிடுவார். நான் கொரியா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண்ணெல்லாம் மின்னுது. "கச்சபேசன், இது ஒண்ணும் புதுசு இல்ல. கிரேக்கத்துல ஆர்ட்டெமிஸ்னு ஒரு தேவதை. சின்னப் பொண்ணா இருக்கும்போதே அப்பா மடியில ஏறி உட்கார்ந்து, எனக்குக் கல்யாணமே வேண்டாம், வில்லும் அம்பும் போதும்னு வரம் வாங்கிட்டவ. அதேதான் இது!"ங்கறார். நான் சொன்னேன், அந்த தேவதைக்குக் கல்யாணத்தைச் சொல்ற ஏழாமிடத்துல சனி இருந்திருக்கும்யா, அவ்வளவுதான் விஷயம்னு. தினமும் இதே பேச்சு. என் சம்சாரம் காபி கொண்டாந்து வெச்சுட்டு, நின்னு கேட்டுட்டுப் போவா. அவளுக்கு வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல், டம்ளரை ஒரு தினுசா பிடிப்பா.

கொரியாக்காரி ஒருத்தியையே நேர்ல பார்த்துடலாம்னு, கல்யாணி கூட வேலை பார்க்கற ஹேஜின்ங்கற இன்ஜினியரம்மாவை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தா. தலைமுடியை ஆம்பளப்பசங்க மாதிரி ஒட்ட வெட்டியிருந்தா. முகத்துல ஒரு பவுடர் கிடையாது. வத்தக்குழம்பை ஊத்தி ஊத்திச் சாப்பிட்டா, நல்ல பொண்ணுதான். பொறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் சரியா சொன்னா, உடனே கட்டம் போட்டேன். நான் என்ன சொன்னேன்? ஏழுல சனி! செவ்வாய் பார்வை வேற. "முப்பத்தி மூணுல கல்யாணம் உறுதி, கவலைப்படாதேன்னு சொல்லு"ன்னேன். கல்யாணி அவ பாஷைல சொன்னா பாருங்க, அந்தப் பொண்ணுக்குச் சந்தோஷம் தாங்கல. சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு.

பேராசிரியர்தான் கேட்டார், "ஆம்பளைங்க மேல அப்படி என்ன கோவம்?"னு. அவ சொன்னா, அவங்க ஊர்ல பொம்பளைங்க கக்கூஸ்ல திருட்டு கேமரா வெச்சுப் படம் எடுத்துடறாங்களாம். உள்ள போனா முதல்ல சுவத்துல இருக்கற ஆணித் துளையெல்லாம் பேப்பரால அடைச்சுட்டுத்தான் உட்காருவாளாம். அவ அக்காவைப் புருஷன் அடிச்சு, போலீசுக்குப் போனா, வீட்டுக்குப் போய் சமைச்சுப் போடும்மா, கோவம் தணிஞ்சுடும்னு அனுப்பிட்டாங்களாம். நான் உடனே சொல்லிட்டேன், ஒளிஞ்சு பார்க்கறது ராகு, அடிக்கறது செவ்வாய்னு. பேராசிரியர் விடுவாரா? "ஆர்ட்டெமிஸ் குளிக்கறதை ஒரு வேட்டைக்காரன் ஒளிஞ்சு பார்த்தான். அவ அவனை மானா மாத்திட்டா, அவன் வளர்த்த நாயிங்களே அவனைக் கடிச்சுக் குதறிடுச்சு"ன்னார். இதைக் கேட்டதும் ஹேஜின் சாப்பிடறதை நிறுத்திட்டு என்னமோ கேட்டா. "அந்த ஜாதி நாய் எங்க கிடைக்கும்னு கேக்கறாப்பா"ன்னா கல்யாணி. கொரியாக்காரங்களுக்கு நாய்னா ரொம்பப் பிரியம் போல.

அப்புறம் மெதூசான்னு ஒருத்தி கதை. கோயில்ல வெச்சு ஒரு கடல் தேவன் அவகிட்ட தப்பா நடந்துட்டானாம். அதனால அவ முடியெல்லாம் பாம்பா போகட்டும்னு சாபம். கல்யாணி கேட்டா, "தப்பு பண்ணினது அவன், சாபம் யாருக்கு சார்?" "அவளுக்குத்தாம்மா." "அவனுக்கு?" பேராசிரியர் யோசிச்சுட்டு, "அவன் கடலுக்குப் போயிட்டான்"னார். நான்தான் விளக்கினேன். தோஷம் யாருக்கோ அவங்கதானே பரிகாரம் செய்யணும், இதுல என்ன அதிசயம்? சொல்லுங்கம்மா. என்ன, காபி ரொம்பக் கசக்குதா?

அப்ப என் சம்சாரம் சுலோச்சனா, சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டே ஒரு கேள்வி கேட்டா. அவ அப்படியெல்லாம் நடுவுல பேசறவ இல்ல. "தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு உடம்பு முடியலைன்னா அங்க யாரு பார்த்துப்பாங்கன்னு கேளுடி"ன்னா. நாலு பேரா வீடு எடுத்துத் தங்கியிருக்கோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம்னு பதில் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு உடனே போவாங்களா?"ன்னு கேட்டா. இது ஒரு கேள்வியா? உடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போகாம எங்க போவாங்க? பொம்பளைங்க கேள்வியெல்லாம் அவ்வளவுதான்.

ஆடி மாசம் எங்க இலக்கிய வட்டத்துல ஒரு கூட்டம் போட்டோம். ஆடியில முகூர்த்தம் கிடையாது இல்லீங்களா, கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது, சொல்பமா வாடகைக்குக் குடுத்துட்டாங்க. 'கொரியப் பெண்கள் கல்யாணத்தை வெறுப்பது ஏன்: ஜோதிடமும் கிரேக்கப் புராணமும்.' தலைப்பு நான் வெச்சது. ஹேஜின் சிறப்பு விருந்தினர், கல்யாணி மொழிபெயர்ப்பு, டிபன் என் சம்சாரமும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களும். மண்டபம் நிறைஞ்சுடுச்சு. கொரியாக்காரியைப் பார்க்க வந்த கூட்டம்தான், இருக்கட்டுமே.

நான் தேசத்துக்கே ஜாதகம் போட்டுக் காட்டினேன். கொரியா விடுதலை வாங்கினது ஆகஸ்ட் பதினஞ்சு. அதாவது ஆடிக் கடைசி. ஆடியில விடுதலை வாங்கின தேசத்துல கல்யாணம் எப்படிய்யா நடக்கும்னு கேட்டேன், ஒரே கைதட்டல். பின்னாடியில இருந்து ஒரு குறும்புக்காரன், "நாமளும் அன்னிக்குத்தானே வாங்கினோம்?"ங்கறான். நமக்கு நடுராத்திரி, அவங்களுக்குப் பகல், லக்னம் வேறன்னு ஒரே போடா போட்டேன். அப்புறம் பேராசிரியர் எழுந்து, கிரேக்கத்துல வில் இழுக்கத் தோதா ஒரு மாரை அறுத்துட்ட பொம்பளைப் படைன்னு ஆரம்பிச்சார் பாருங்க, கரண்ட் போயி, திரும்ப வந்தும் பேசிட்டு இருக்கார்.

கடைசியா ஹேஜினைப் பேசச் சொன்னோம். அவ எழுந்து ரெண்டே ரெண்டு வாக்கியம்தான் சொன்னா. சொல்லிட்டுக் குனிஞ்சு ஒரு கும்பிடு. கல்யாணி அதைத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சா, சொல்றா, சொல்றா, சொல்லிட்டே இருக்கா. கொரிய பாஷை அவ்வளவு சுருக்கமான பாஷையாம், பேராசிரியரே அசந்துட்டார்.

அவ சொன்னதைத்தாம்மா நீங்க கேக்கணும். கொரியாவுல ஒரு வீடாம். அந்த வீட்டு ஆம்பளையும் ஜோசியராம்! எனக்கு ஒரே ஆச்சரியம். அங்கயும் ஜோசியம் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். காலையில கதவைத் திறந்ததுல இருந்து வாசல்ல ஆள், வர்றவங்களுக்கெல்லாம் அந்த வீட்டம்மா காபி போடணுமாம். கொரியாவுலயும் காபிதான் பாருங்க. கல்யாணமான புதுசுல அந்தம்மாவுக்குப் பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்ததாம். புருஷன், உனக்குப் பத்தாமிடம் சரியில்ல, உத்தியோகம் ஒத்துவராதுன்னு கிழிச்சுப் போட்டானாம். ஒரு நாள் கிணத்தடியில வழுக்கி விழுந்து அந்தம்மா கை ஒடிஞ்சிருக்கு. இன்னிக்குச் சந்திராஷ்டமம், நாளைன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னுட்டானாம் அந்த மனுஷன். எலும்பு கோணலாவே கூடிடுச்சாம். அத்தோட போச்சா? ஊர்ல அத்தனை பேரும் பொறந்த நாழிகை அவனுக்கு அத்துப்படியாம். கட்டின பொண்டாட்டி எப்ப பொறந்தான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டதில்லயாம்.

பொம்பளைங்க எல்லாம் முந்தானையால கண்ணைத் துடைக்கறாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. மைக்கைப் பிடுங்கி, "அந்தக் கொரியாக்காரன் ஜோசியனே இல்ல, அயோக்கியன்! எங்க தொழிலுக்கே அவமானம்! அப்படிப்பட்டவன் வீட்டுல அந்தம்மா ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது!"ன்னு முழங்கினேன். அப்ப எழுந்தது பாருங்க கைதட்டல்! பொம்பளைங்கதான் ஜாஸ்தி. டிபன் பரிமாறற பக்கத்துல இருந்து என் சம்சாரம் கரண்டியைக் கீழ வெச்சுட்டு, அந்தக் கோணக் கையால தட்டறா, நிறுத்தாம தட்டறா. நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கேன், அவ எனக்குக் கைதட்டி அன்னிக்குத்தான் பார்த்தேன். சொல்லக் கூடாது, கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

பேராசிரியர்தான் என்னமோ தலையைக் குனிஞ்சுட்டே இருந்தார். அவர் பேச்சை விட என் பேச்சு எடுபட்டுடுச்சு இல்லீங்களா, மனசு கஷ்டமா இருந்திருக்கும்.

ஆவணி பொறந்தது. முதல் புதன்கிழமை. அரக்கோணத்துல இருந்து ஒரு குடும்பம் வந்து இதே இடத்துல உட்கார்ந்திருக்காங்க. சாப்பாட்டை எடுத்து மூடி வெச்சுட்டு, கையில ஒரு பையோட சுலோச்சனா முன்னாடி வந்து நின்னா. "போறேன்"னா. நான் கட்டத்துல இருந்து தலையைத் தூக்கல. "வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா"ன்னேன். சாயங்காலம் வெத்தலை வரல, விளக்கேத்த ஆள் வரல. கல்யாணிதான் போன் பண்ணி, அம்மா எங்கூடதான் இருக்காங்க, இனிமே இங்கதான் இருப்பாங்கன்னா. கம்பெனில வேலை செய்யற பொண்ணுங்களோட குழந்தைங்களைப் பார்த்துக்கற காப்பகத்துல வேலைக்குச் சேர்ந்துட்டாளாம். ஹேஜின்தான் அங்க சொல்லி வேலை வாங்கிக் குடுத்தாளாம்.

நான் பண்ணின தப்பு என்னம்மா? நீங்களே சொல்லுங்க. குடிக்கறேனா, அடிக்கறேனா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலயா? நாள் நல்லா இல்லாததால ரெண்டு நாள் தள்ளிப் போனோம், அவ்வளவுதான். பேராசிரியர்கிட்ட கேட்டேன். கிரேக்கத்துல ஒருத்தி பாதாளத்துக்குப் போயிட்டாளாம், ஆனா வருஷத்துல பாதி நாள் மேல திரும்பி வருவாளாம். சந்தோஷமாச்சு எனக்கு. "அப்ப சுலோ வருவா. பாதாளம்னா ஒரகடம்தானே?"ன்னேன். அவர் என் வீட்டைச் சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, மிக்சரைச் சாப்பிட்டார். ராத்திரியில சமயத்துல டம்ளர் சத்தம் கேக்கற மாதிரியே இருக்கும்மா. எழுந்து போய்ப் பார்த்தா யாரும் இல்ல. வெறும் வீடு கஷ்டமாத்தான் இருக்கு.

அவ எப்ப திரும்புவான்னு அவ ஜாதகத்துல பார்த்துடலாம்னா, ஜாதகம் கிடையாது. எங்க கல்யாணத்துக்குப் பேர் ராசிதான் பார்த்தது. கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் ஜாதகமே பொண்டாட்டிக்கும் போதும், சாஸ்திரத்துல இடம் இருக்கு. இப்ப நேரம் கேக்கலாம்னு போன் போட்டா என் நம்பரை எடுக்க மாட்டேங்கறா. அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? ஒரே நிமிஷம்.

அடிக்குது. ஹலோ? சுலோ, நான்தான். வெச்சுடாத, வெச்சுடாத. இது ஒரு வாடிக்கைக்காரம்மா போன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ பொறந்தது எத்தனை மணிக்கு? இல்ல, சும்மா இல்ல, ஜாதகம் போடத்தான். ம். ம். என்னது? ம்.

வெச்சுட்டா. பின்னாடி ஒரே குழந்தைங்க சத்தம்.

என்ன சொல்றா தெரியுங்களா? "நான் பொறந்த நேரம் எனக்கும் தெரியாது. கிளம்பின நேரம் தெரியும். புதன்கிழமை பன்னெண்டேகால். வேணும்னா அதுக்குப் போட்டுப் பாருங்க"ங்கறா. பார்த்தீங்களா கூத்தை! புதன்கிழமை பன்னெண்டேகால்னா ராகு காலம்! இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு ராகு காலத்துல வாசப்படி தாண்டியிருக்கா. அது எப்படி உருப்படும்? இருங்க, போட்டே காட்டறேன். பஞ்சாங்கம் இங்கதான். கண்ணாடி... இதோ.

லக்னம் விருச்சிகம். குரு ரிஷபத்துல. அட, குரு நேரா லக்னத்தைப் பார்க்கறான். சரி. உச்சிப் பொழுது, சூரியன் தலைக்கு மேல, பத்தாமிடம். சிம்மம். சொந்த வீட்டுல ஆட்சி. பத்துல சூரியனுக்குத் திக்பலம் வேற.

இருங்கம்மா. இன்னொரு தரம் போடறேன்.

அதேதான் வருது. உத்தியோகத்துக்கு இப்படி ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லீங்க. நானே உட்கார்ந்து நாள் குறிச்சுக் குடுத்திருந்தாலும் இதை விட நல்ல நேரம் குறிச்சிருக்க முடியாது. ராகு காலம்தான், ஆனா கட்டம் பொய் சொல்லாதே. திரும்பி வர்றதுக்கு ஒரு வழி தெரியுதான்னுதான் பார்க்கறேன். வீட்டைச் சொல்ற நாலாமிடத்துல பார்த்தேன், புருஷனைச் சொல்ற ஏழாமிடத்துல பார்த்தேன்.

எங்கயும் காணோம்.

உங்க போன் அடிக்குதும்மா. இதே நம்பர்! நான் சொல்லல? பொம்பள மனசு, கேக்குமா? குடுங்க, குடுங்க. சுலோ! சொல்லு, சுலோ. யாருகிட்ட? இந்தம்மாகிட்டயா? இவங்க யாருன்னே உனக்குத் தெரியாதேடி. சரி, சரி, குடுக்கறேன்.

உங்ககிட்டதான் பேசணுமாம். ஜாதகம் யாருக்கு, பொண்ணைக் கேட்டுத்தான் கொண்டாந்தீங்களான்னு கேக்கணுமாம். பிடிங்க, பேசுங்க. நான் வேணும்னா வெளியில போய் நிக்கறேன். மெதுவா பேசிட்டு வாங்க, அவசரமில்ல.

அம்மா, வெக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. சர்க்கரை டப்பா எதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.